சரியான சாவி போட்டும் டிராயர் திறக்க மாட்டேங்குது, பூட்டுல 'குயின் விக்டோரியா'ன்னு வேற இருக்கு, எவ்ளோ பழசு?

தேவகோட்டை_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கேள்வி, ஒன்னு அவசரம், இன்னொன்னு சும்மா ஆர்வம். எங்க ஊர் வீட்ல முகப்புல ஒரு தேக்கு மேசை கிடக்கு, எங்க ஐயா கணக்கு எழுதுன மேசை, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு டிராயர், நடுவுல அகலமா ஒன்னு. ரங்கூன்ல இருந்து வந்ததுன்னு அப்பத்தா சொல்வாங்க. சைடு டிராயர் நாலுக்கும் சாவி எப்பவோ தொலைஞ்சு போச்சு, அது பூட்டாம தான் கிடக்கு, நடு டிராயருக்கு மட்டும் சாவி இருக்கு, சின்ன பித்தளை சாவி, முனைல பென்சில் லெட் நுழையுற மாதிரி ஓட்டை. நிலப்பத்திரம் எல்லாம் அதுக்குள்ள தான்.

பிரச்சனை என்னன்னா போன மாசம் வரைக்கும் நல்லா தான் திறந்துச்சு. போன வாரம் தம்பி ஊருக்கு போனவன் சாவி எதுன்னு தெரியாம கொத்துல இருந்த சாவி எல்லாத்தையும் ஒவ்வொன்னா விட்டு திருப்பி பாத்துருக்கான், அப்புறம் அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவ அப்படி தான் கூப்பிடுவோம்) வந்து சரியான சாவிய எடுத்து கொடுத்தா அதுவும் திறக்கல, கொஞ்சம் திரும்புது அப்புறம் டக்குனு நின்னுடுது. பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர கூட்டிட்டு வந்தோம், உள்ள லீவர் உடைஞ்சு போச்சு, டிரில் போட்டு தான் எடுக்கணும்னு சொல்லிட்டார். அப்பச்சி வேணாம்னுட்டாங்க. பத்திரம் இந்த மாசக் கடைசிக்குள்ள வேணும்.

ஆர்வக் கேள்வி: போன வருஷம் டிராயர் திறந்து இருந்தப்போ எடுத்த போட்டோ ஒன்னு இருக்கு, பூட்டோட பின்பக்கம். 'சப் அண்ட் சன்'னு இருக்கு, அப்புறம் '128', அப்புறம் 'குயின் விக்டோரியா', அதுக்கப்புறம் தேய்ஞ்சு போச்சு, கடைசில லண்டன். கீழ ஆறு இலக்க நம்பர் ஒன்னு. சப்னா சப் இன்ஸ்பெக்டரான்னு தம்பி கேக்குறான். விக்டோரியா மகாராணிக்காக செஞ்ச பூட்டா இது? 128ன்னா என்ன?

---

குமரன்_ஈரோடு:

லீவர் ஸ்பிரிங் போயிருக்கும் ப்ரோ. எங்க வீட்டு பீரோவுக்கும் இப்படி தான் ஆச்சு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுட்டு மெதுவா ஆட்டி பாருங்க, வந்துடும்.

---

திண்டுக்கல்காரன்:

தேங்காய் எண்ணெய மட்டும் ஊத்தாதீங்க சாமி!! மார்கழில உறையும், மத்த மாசத்துல தூசிய இழுத்து பிசின் மாதிரி ஆகும், லீவர் தகடுங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டா அதுக்கப்புறம் பெட்ரோல்ல ஊற வச்சு தான் கழுவணும். எங்க தெருவுல பாதி வீட்ல பூட்டு வேலை தான், சின்ன வயசுல இருந்து பாத்துட்டு இருக்கேன். பூட்டுக்கு எண்ணெய் ஊத்துறவன பாத்தா எங்க தாத்தா அடிக்க வருவார். சாவிப் பல்லுல 4பி பென்சில நல்லா கறுப்பா தேய்ச்சு உள்ள விட்டு எடுங்க, அது போதும்.

டிரில் போட வேணாம்னு உங்க அப்பச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. கொஞ்சம் திரும்பி டக்குனு நிக்குதுன்னா அது உடைஞ்ச லீவர் மாதிரி தெரியல. லீவர் உடைஞ்சா சாவி தொளதொளன்னு ஆடும், இல்ல துண்டு மாட்டிக்கிட்டு சாவியே திரும்பாது. உங்களுது அந்த ரெண்டும் இல்ல. சப் பூட்டுன்னு வேற சொல்றீங்க. பழையசாமான் அண்ணன் வரட்டும், அவருக்கு தான் இது தெரியும், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு ஆனா அவர் சொல்லட்டும்.

---

பழையசாமான்:

வந்துட்டேன். தம்பி, உங்க பூட்டு கெட்டுப் போகல. கோவிச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவு தான். அந்த பூட்டு செய்ய வேண்டிய வேலைய சரியா செஞ்சிருக்கு.

முதல்ல இத பண்ணுங்க, அப்புறம் மீதிய படிங்க. உங்க சரியான சாவிய உள்ள விட்டு, திறக்குற பக்கம் திருப்பாம, பூட்டுற பக்கமா திருப்புங்க, ஏற்கனவே பூட்டி தான இருக்கு எதுக்குன்னு யோசிக்காதீங்க. கொஞ்ச தூரம் போயி உள்ள ஒரு சின்ன 'டிக்' கேக்கும். கேட்டதும் அப்படியே மறுபக்கம் திருப்புங்க, திறக்கும். முரட்டுத்தனமா வேணாம், ரெண்டு விரல் பலம் போதும். அதுக்கு மேல போட்டா சாவி முறுக்கிக்கும், பழைய பித்தளை.

இப்ப காரணம். சப்புங்கறது ஆள் பேரு. இங்கிலாந்துல ஜெரிமையா சப்னு ஒருத்தர் 1818ல பேட்டன்ட் வாங்குன பூட்டு இது, பேரு டிடெக்டர் பூட்டு. அதுக்கு முந்துன வருஷம் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துல திருட்டு போச்சு, கள்ளச்சாவி போட்டு திறந்துட்டானுங்க, அதனால சொந்த சாவியால மட்டும் திறக்குற பூட்டு செஞ்சு கொடுக்குறவனுக்கு 100 பவுண்டுன்னு அரசாங்கம் அறிவிச்சுது, இவர் ஜெயிச்சார். அங்க கப்பல்லயே ஜெயில் இருந்துச்சு, அதுல பூட்டு வேலை தெரிஞ்ச கைதி ஒருத்தன், இத திறந்தா உனக்கு விடுதலைன்னு சொல்லி பூட்டையும் கருவிகளையும் கையில கொடுத்துருக்காங்க. மாசக்கணக்குல உக்காந்து பாத்துட்டு முடியலன்னு கைய விரிச்சுட்டான்.

உள்ள என்ன நடக்குதுன்னா, சாதாரண லீவர் பூட்டுல அடுக்கடுக்கா தகடு இருக்கும், சாவியோட ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட சரியா ஒரு உயரத்துக்கு தூக்கணும், குறைஞ்சாலும் தப்பு கூடுனாலும் தப்பு, எல்லாம் ஒரே வரிசைல வந்தா தான் நடுவுல இருக்குற வழி நேராகி நாக்குல (பூட்டுனா வெளிய நீளுற கட்டை) இருக்குற முளை அதுக்குள்ள நுழையும், நாக்கு நகரும். இதுல சப் கூடுதலா என்ன பண்ணாருன்னா, தகட யாராவது அளவுக்கு மேல தூக்கிட்டா அது அப்படியே மேலயே ஒரு ஸ்பிரிங்ல போயி மாட்டிக்கும், கீழ இறங்காது. அதுக்கப்புறம் சொந்த சாவி போட்டாலும் திறக்காது. வீட்டுக்காரன் வந்து பாக்குறான், திறக்கல, அப்பவே அவனுக்கு தெரிஞ்சு போகும், யாரோ கை வச்சிருக்கான்னு. அந்த 'யாரோ' இங்க உங்க தம்பி.

ஆரம்பத்துல அத விடுவிக்க தனியா இன்னொரு சாவி வேணும், 1824ல அவங்க அண்ணன் சார்லஸ் அத மாத்தி, அதே சாவிய பின்பக்கம் திருப்புனா போதும்னு ஆக்கிட்டார். அத தான் மேல சொன்னேன்.

முடிச்சுட்டு சொல்லுங்க. வயசு விஷயம் அப்புறம்.

---

தேவகோட்டை_பேரன்:

அண்ணே!!!! போன்ல அப்பச்சிக்கு சொன்னேன், வீடியோ கால்ல பாத்துட்டே இருந்தேன், பூட்டுற பக்கம் திருப்பச் சொன்னதுக்கு பூட்டுனதையே திரும்ப பூட்டவா உன்ன படிக்க வச்சேன்னு திட்டிட்டு தான் திருப்புனாங்க. டிக்குனு எனக்கே போன்ல கேட்டுச்சு. மறுபக்கம் திருப்புனதும் திறந்துடுச்சு. எங்க வீட்ல நாப்பது அம்பது வருஷமா அந்த மேசை இருக்கு, ஒருத்தருக்கும் இது தெரியல. டிரில் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும். தம்பி ஒரு மாசத்துக்கு அந்த பக்கமே போகக் கூடாதுன்னு உத்தரவு.

ரொம்ப ரொம்ப நன்றி. இப்ப ஆர்வக் கேள்வி, மகாராணி பூட்டா இல்லையா?

---

குமரன்_ஈரோடு:

தேங்காய் எண்ணெய் யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன்

---

கோயமுத்தூர்_அம்மிணி:

இப்படியும் ஒரு பூட்டானு வாய பொளந்துட்டேனுங்க. எங்க மாமியாரோட மரப்பொட்டி ஒன்னு இருக்குது, தோதகத்தி மரம், மூடிய சாத்துனா தானா பிடிச்சுக்கும், சாவி போட்டா தான் வருது. அதுல கிரீடம் போட்டு ரெண்டு பக்கமும் வி ஆர்னு ரெண்டு எழுத்து, கீழ பேட்டன்ட்னு இருக்குதுங்க. விலைக்கு கேட்டு வந்த ஒருத்தரு இது விக்டோரியா ராணி வீட்டு சாமானம்னு அவரே சொல்லிப்போட்டு, அப்புறம் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு கேட்டாருங்க. ராணி வீட்டு சாமானத்துக்கு ஆயிரத்து ஐநூறா?

---

பழையசாமான்:

அம்மிணி, அவர் சொன்ன விலை ஒன்னு தான் அதுல கொஞ்சம் யோசிச்சு சொன்னது போல. பொட்டிய கொடுத்துடாதீங்க. ஆனா ராணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வி ஆர்னா விக்டோரியா ரெஜினா, அவங்க ஆண்ட காலம் 1837ல இருந்து 1901 வரைக்கும், அந்த கிரீடத்தையும் எழுத்தையும் அந்த காலத்து பூட்டுக்காரங்க எக்கச்சக்கமா அடிச்சு தள்ளுனாங்க, நம்ம ஊர்ல எந்த கடைக்கும் முருகன் பேரு வைக்கிற மாதிரி. பேட்டன்ட்ங்கறதும் அப்படி தான், எந்த பேட்டன்ட்னு கேட்டா பதில் இருக்காது. பெரும்பாலும் இங்கிலாந்துல வுல்வர்ஹாம்டன், வில்லன்ஹால் பக்கம் செஞ்சது. வில்லன்ஹால் ஊருக்கே கூனூர்ங்கற மாதிரி ஒரு பட்டப்பேரு உண்டு, சின்ன வயசுல இருந்து பட்டறைல குனிஞ்சு அரம் போட்டு போட்டு அவ்வளவு பேருக்கு முதுகு கூனிப் போச்சு. அந்த வி ஆர் முத்திரைய பாக்கும்போதெல்லாம் எனக்கு ராணி ஞாபகம் வராது, இவங்க ஞாபகம் தான் வரும்.

இப்ப தேவகோட்டை தம்பிக்கு. குயின் விக்டோரியா, அதுக்கப்புறம் தேய்ஞ்சு போச்சுன்னீங்களே, தேய்ஞ்சது 'ஸ்ட்ரீட்'. அது ரோட்டு பேருங்க! 128, குயின் விக்டோரியா ஸ்ட்ரீட், லண்டன். கம்பெனி அட்ரஸ். கதவு நம்பர் தான் 128.

சிரிக்காதீங்க, இதுல தான் விஷயமே இருக்கு. அந்த ரோடு லண்டன்ல திறந்ததே 1871ல. அதுக்கு முன்னாடி சப் கம்பெனி செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட்ல 57ஆம் நம்பர்ல இருந்துச்சு, அந்த காலத்து பூட்டுல அந்த அட்ரஸ் இருக்கும். ஆக உங்க பூட்டு 1871க்கு முந்துனது இல்ல, இது கண்டிப்பா. ஆனா அந்த அட்ரஸ்ல கம்பெனி பல வருஷம் இருந்துச்சு, மகாராணி செத்ததுக்கு அப்புறமும் கூட. ராணி பேரு இருக்கறதால ராணி காலம்னு நினைக்கிற பூட்டு ராணிக்கு அப்புறம் செஞ்சதா கூட இருக்கலாம். கீழ இருக்குற ஆறு இலக்க நம்பர் தான் உங்க துருப்பு. சப் பூட்டுக்கு வரிசை நம்பர் போடுவாங்க, நம்பர வச்சு வருஷம் கணிக்கிற ஆளுங்க இங்கிலாந்து பூட்டு சேகரிப்பாளர்கள்ல இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா கிட்டத்தட்ட வந்துடும். நம்பர இங்க பொதுவுல போடாதீங்க, உள்ள பத்திரம் இருக்கு.

---

தேவகோட்டை_பேரன்:

ரோட்டு பேரா!! வீட்ல ரெண்டு தலைமுறையா மகாராணி பூட்டுன்னு பெருமை பேசிட்டு இருந்தோம். அப்பத்தாகிட்ட சொல்ல போறதில்ல.

அத்தை ஒருத்தங்க ஒரு கதை சொல்றாங்க. ரங்கூன் மொகல் தெருவுல எங்க கிட்டங்கி, அதாவது தொழில் பண்ற இடம், இருந்துச்சாம், அங்க ஐயா பெட்டியடில உக்காந்தவர், மேசையெல்லாம் அங்க கிடையாது, தரையில பாய், முன்னாடி கைப்பெட்டி. அந்த கைப்பெட்டில இருந்த பூட்ட தான் கழட்டிட்டு வந்து மேசைல போட்டாங்க, மேசை இங்க செஞ்சதுன்னு. அப்பத்தா சொல்றது மேசையே ரங்கூன் தான்னு. எது சரின்னு பூட்ட பாத்து சொல்ல முடியுமா? கேக்கறதே லூசுத்தனமா இருக்கு, ஆனா கேட்டுட்டேன்.

---

பழையசாமான்:

லூசுத்தனம் இல்ல, பாதி சொல்லலாம். அத்தை கதைல கைப்பெட்டி பூட்டுங்கறது நடக்காது. பெட்டி பூட்டு வேற ஜாதி. அம்மிணி வீட்டு பொட்டிய பாருங்க, மூடிலயிருந்து ஒரு தகடு கீழ தொங்கும், அதுல ரெண்டு காது இருக்கும், மூடுனா அந்த காது பூட்டுக்குள்ள இறங்கும், உள்ள இருக்குற கொக்கி பக்கவாட்டுல வந்து அத பிடிச்சுக்கும். ஏன்னா மூடி மேல தூக்குற சாமானம், நாக்கு சும்மா மேல நீட்டிட்டு இருந்தா மூடிய பிடிக்காது. டிராயர் பூட்டுல நாக்கு நேரா மேல போயி மேசை சட்டத்துல இருக்குற குழிக்குள்ள ஏறும், டிராயர் முன்னால வராது. பெட்டி பூட்ட எடுத்து டிராயர்ல போட்டா ஒரு வேலையும் செய்யாது.

ஒன்னு கேக்கறேன். சாவிய எப்படி விடுவீங்க, பல்லு கீழ பாத்த மாதிரி செங்குத்தாவா, இல்ல படுக்க வச்சா?

---

தேவகோட்டை_பேரன்:

படுக்க வச்சு தான். பல்லு வலது பக்கம் பாத்த மாதிரி. எங்க வீட்ல எல்லாரும் அப்படி தான் போடுவோம், டிராயர்னா அப்படி தான்னு நினைச்சேன். ஏன் கேக்கறீங்க?

---

பழையசாமான்:

அடடா. அப்படின்னா அது டிராயர் பூட்டே இல்ல.

டிராயருக்குன்னு செஞ்ச பூட்டுல நாக்கு மேல போகும், சாவித்துவாரம் செங்குத்தா நிக்கும். கதவு வச்ச பீரோ, அலமாரிக்கு செஞ்சதுல நாக்கு பக்கவாட்டுல போகும், துவாரம் அதுலயும் செங்குத்து தான். ரெண்டுலயும் மனுஷன் சாவிய நேரா தான் விடணும்னு நினைச்சு செய்வாங்க. அலமாரி பூட்ட எடுத்து நாக்கு மேல பாக்குற மாதிரி திருப்பி டிராயர்ல போட்டா என்ன ஆகும், துவாரம் படுத்துக்கும். சில பூட்டுல ரெண்டுக்கும் ஆகட்டும்னு துவாரத்த ரெண்டு வாக்குலயும் வெட்டி விட்டிருப்பாங்க, உங்களுதுல அப்படி இல்லன்னா அது அலமாரி பூட்டு தான், எங்கயோ கதவுல இருந்துட்டு வந்திருக்கு.

இனிமே பூட்ட பாக்காதீங்க, மரத்த பாருங்க. பூட்டுல அடிச்ச எழுத்து அது எங்க பிறந்துச்சுன்னு தான் சொல்லும், எங்கெல்லாம் வாழ்ந்துச்சுன்னு மரம் தான் சொல்லும். டிராயர வெளிய உருவி உள்பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க. பூட்டு உக்காந்திருக்குற குழி பூட்டோட அளவுக்கு சரியா இருக்கா இல்ல பெருசா இருக்கா, பக்கத்துல பயன்படாத திருகாணி ஓட்டை இருக்கா, முன்பக்கம் சாவி ஓட்டைக்கு பக்கத்துல மரத்துண்டு வச்சு அடைச்ச தடம் இருக்கா. ஒரு திருகாணிய மட்டும் கழட்டி முனைய பாருங்க, முனை மொட்டையா இருந்தா பழசு, கூரா இருந்தா 1850களுக்கு அப்புறம், ஏன்னா கூர்முனை திருகாணி மெஷின்ல செய்யறது அமெரிக்கால 1846ல பேட்டன்ட் ஆகி பர்மிங்காமுக்கு 1854ல தான் வந்துச்சு. தலைல பிளஸ் குறி இருந்தா 1930களுக்கு அப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க.

---

தேக்குமரம்77:

இடைல வரேன், நான் ஆசாரி, பரம்பரையா இதான் வேலை. அண்ணன் சொன்னதோட ஒன்னு சேத்துக்கோங்க, திருகாணிய கழட்டும்போது முனை அகலமா வெட்டுல சரியா உக்கார்ற ஸ்க்ரூடிரைவர் மட்டும் போடுங்க, முதல்ல ஒரு நூல் இறுக்கிட்டு அப்புறம் தளர்த்துங்க, பித்தளை திருகாணி தலை சட்டுனு முறிஞ்சுக்கும். எந்த திருகாணி எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு அட்டைல குத்தி வையுங்க. நிறைய பேர் பாலிஷ் போட சொல்லி கொண்டு வர்றாங்க, பூட்டுக்கு பின்னாடி இருக்குற கருப்பையும் சுரண்டி எடுங்கம்பாங்க, எடுத்துட்டா அப்புறம் அதுல படிக்கறதுக்கு ஒன்னும் இருக்காது.

ரங்கூன் கதைக்கு ஒன்னு சொல்லட்டா, கோவிச்சுக்காதீங்க. எங்ககிட்ட வர்ற மேசைல முக்காவாசி ரங்கூன் மேசைன்னு தான் சொல்லிட்டு வருது. மரம் பர்மா தேக்கா இருக்கும், வேலை நம்ம பக்கத்து வேலையா இருக்கும், மரம் கப்பல்ல வந்துச்சு மேசை வரல. 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ எவ்வளவோ பேர் நடந்தே வந்தாங்க, மேசைய தூக்கிட்டா வந்தாங்க? அதுக்கு முன்னாடி வந்திருந்தா சரி.

---

தேவகோட்டை_பேரன்:

லீவு போட்டுட்டு ஊருக்கே வந்துட்டேன், பத்திரத்துக்காகன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேன், உண்மைல டார்ச் அடிச்சு பாக்க தான்.

குழி பூட்ட விட ரெண்டு பக்கமும் அரை விரக்கடை பெருசா இருக்கு, ஓரத்துல மரத்துண்டு சொருகி நிரப்பியிருக்காங்க. சும்மா கிடக்குற திருகாணி ஓட்டை நாலு. முன்பக்கம் பாலிஷ்ல மறைஞ்சு போயிருக்கு, சாய்வா வெளிச்சம் அடிச்சா தான் தெரியுது, இப்ப இருக்குற ஓட்டைக்கு சரியா மேல செங்குத்தா ஒரு பழைய ஓட்டை, அதே தேக்கு வச்சு அடைச்சிருக்கு. இத்தனை வருஷமா அது மேல கைய வச்சுட்டு உக்காந்திருக்கோம். திருகாணி முனை கூர், தலைல ஒரே கோடு தான்.

சைடு டிராயர் நாலுலயும் பூட்டு குழி பூட்டுக்கு கச்சிதமா இருக்கு, கிரீடம், வி ஆர், துவாரம் செங்குத்து. அது நாலும் மேசையோட பிறந்ததுன்னு நினைக்கிறேன், நடுவுல இருக்கறது தான் வந்தேறி.

---

திண்டுக்கல்காரன்:

செம. அந்த நாலுக்கு சாவி வேணும்னா பூட்ட கழட்டி எடுத்துட்டு எங்க ஊர் பக்கம் வாங்க, டிராயர் பூட்டு, பீரோ பூட்டு, மாங்காய் பூட்டு எல்லாம் கையால செய்யற ஆளுங்க இன்னும் இருக்காங்க, 2019ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது எங்க பூட்டுக்கு, அதனால ஆளுங்க கூடிடல, குறைஞ்சுட்டு தான் வர்றாங்க, அது வேற கதை. சாதாரண லீவர் பூட்டுக்கு உள்ள தகட்ட பாத்து சாவி அரம் போட்டு கொடுத்துடுவாங்க. சப் பூட்ட மட்டும் திறந்து பாக்கறேன்னு யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, அந்த டிடெக்டர் ஸ்பிரிங் மெல்லிசு, தெறிச்சு ஓடுச்சுன்னா தேடி பிடிக்க முடியாது.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன். சப் பூட்ட யாராலயும் திறக்க முடியாதுன்னு நினைச்சுடாதீங்க, 1851ல லண்டன் பெரிய கண்காட்சி நடந்தப்போ ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்காகாரர் வந்து 25 நிமிஷத்துல திறந்து காட்டிட்டார், அதுவும் அந்த டிடெக்டரையே உளவாளி ஆக்கி, அது எப்ப மாட்டுதுன்னு பாத்து பாத்து லீவர் உயரத்த கண்டுபிடிச்சாராம். அதே வருஷம் பிராமான்னு இன்னொரு இங்கிலாந்து கம்பெனி பூட்ட திறக்க அவருக்கே 51 மணி நேரம் ஆச்சு, 16 நாள் பிரிச்சு பிரிச்சு உக்காந்தார். அது உருண்டையா குழாய் மாதிரி சாவி, முனைல வெட்டு வெட்டா இருக்கும், பழைய மேசை எதுலயாவது பாத்தா விட்டுடாதீங்க.

---

கோயமுத்தூர்_அம்மிணி:

நானும் டார்ச் எடுத்துட்டு போயி பாத்தனுங்க, நீங்க சொன்ன காதும் கொக்கியும் அப்படியே இருக்குது, குழியும் பூட்டும் கச்சிதம். ஆயிரத்து ஐநூறு ரூபா ஆளு மறுபடி போன் பண்ணாரு, ரெண்டாயிரம்ங்கறாரு. தர்றதில்லைன்னு சொல்லிப்போட்டேன்.

---

தேவகோட்டை_பேரன்:

கடைசியா ஒன்னு. இத எல்லாம் அப்பச்சிகிட்ட சொல்லிட்டு இருந்தப்போ, ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, பெரியப்பச்சி வீட்ல ரெண்டாம் கட்டுல ஒரு பெரிய அலமாரி கிடக்கு, கண்ணாடிக் கதவு, அதுல பூட்டு இருந்த இடம் அவங்க சின்ன வயசுல இருந்தே வெறும் ஓட்டையா தான் இருக்கு, கயிறு கட்டி தான் வச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க. சொத்து பிரிச்சப்போ அலமாரி அவங்களுக்கு, மேசை எங்களுக்கு. பூட்டு யாருக்குன்னு யாரும் பேசலயாம். பொங்கலுக்கு எல்லாரும் அங்க தான் கூடுவோம், அளவு எடுத்துட்டு வந்து போடறேன்.

---

தேக்குமரம்77:

குழியோட நீள அகலம் மட்டும் எடுத்தா பத்தாது. திருகாணி ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு, சாவித்துவாரத்துல இருந்து கதவு ஓரம் வரைக்கும் எவ்வளவுன்னு எடுங்க. அப்பச்சி பாக்கும்போது எடுங்க, பெரியப்பச்சி பாக்கும்போது எடுக்காதீங்க.